கரண்ட் வந்து போகும் ஊரில் லேப்டாப் பேட்டரியைக் காப்பாற்றுவது எப்படி?

எங்கள் தெருவில் கரண்ட் வந்துவிட்டது என்பதைப் பிள்ளைகள் போடும் சத்தம்தான் முதலில் சொல்லும். "மீ லாபி! மீ லாபி!" பர்மிய மொழியில் மீ என்றால் நெருப்பு, கரண்டுக்கும் அதே சொல்தான். அடுத்த நிமிடமே கட்டடம் முழுக்கத் தண்ணீர் மோட்டார் இரைய ஆரம்பிக்கும், ரைஸ் குக்கர் ஏறும். வீட்டில் இருக்கிற அத்தனை போனும் பவர் பேங்கும் இன்வெர்ட்டரும் லேப்டாப்பும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வரிசையாகச் சொருகப்படும்.

இது அந்தக் கடைசி ஆளுக்காக, அதாவது லேப்டாப்புக்காக எழுதுவது. யாங்கோனில் எங்கள் அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளில் கடந்த சில வருஷங்களில் புதிதாக லேப்டாப் நுழைந்த வீடுகள் நிறைய. பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கியவர்கள் உண்டு. வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறவர்களும் உண்டு. நான் மெக்கானிக் இல்லை. லேப்டாப்பில் பிழைப்பு நடத்துகிறவன், இரண்டு பேட்டரியைக் கொன்ற பிறகு கொஞ்சம் கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான்.

யூடியூபில் தேடினால் எல்லோரும் சொல்வது ஒன்றே: எண்பது சதவீதத்தில் சார்ஜை நிறுத்து, பிளக்கிலேயே வைத்து வேலை செய். நல்ல யோசனைதான், ஆனால் இருபத்து நாலு மணி நேரமும் கரண்ட் இருக்கிற ஊர்க்காரர் சொன்னது. நமக்கு எட்டு மணி நேரம் கரண்ட் போகும்போது எண்பதோடு உட்கார்ந்திருந்தால் மத்தியான வேலை அம்போ. அதனால் அந்த யோசனையை நம் ஊர் மணிக் கணக்குக்கு மாற்றித் தைக்க வேண்டும். அதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

பேட்டரி எதனால் சாகிறது

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் மீதியை நீங்களே யோசித்துச் செய்துகொள்ளலாம்.

இன்றைய லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1991-இல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. இதற்கு அடிப்படை போட்ட மூன்று பேருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னால் இருந்த நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: பாதியில் சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பாதியையே முழுசு என்று நினைத்துக்கொள்ளும். "முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடு, சுத்தமாகத் தீர்ந்த பிறகு போடு" என்ற அறிவுரையெல்லாம் அந்தக் காலத்து மிச்சம். நான் லேப்டாப் வாங்கிய கடையிலும் இதையேதான் சொல்லி அனுப்பினார்கள். லித்தியம் பேட்டரிக்கு அது தேவையே இல்லை. சுத்தமாகத் தீர்ப்பது கெடுதலும்கூட.

உள்ளே இருக்கும் ஒவ்வொரு செல்லும் தீரும்போது 3 வோல்ட் அளவில் இருக்கும், நிறையும்போது 4.2 வோல்ட் வரை ஏறும். அந்த உச்சியில் இருக்கும்போது உள்ளே உள்ள ரசாயனம் சும்மா இருப்பதில்லை, மெல்ல மெல்லத் தன்னையே தின்கிறது. சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாகத் தின்னும். ஆள் ஏற்றிய சைக்காவை (இந்த ஊர் சைக்கிள் ரிக்‌ஷா) மொட்டை வெயிலில் நிறுத்தி வைத்தது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடாவிட்டாலும் டயர் கெடும்.

எவ்வளவு கெடும் என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. பேட்டரியை 40 சதவீத சார்ஜில் 25 டிகிரி சூட்டில் ஒரு வருஷம் சும்மா வைத்தால் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் 80. சூடு 40 டிகிரியாகி, முழு சார்ஜும் சேர்ந்துகொண்டால் 65. ஒரு வேலையும் செய்யாமல் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது, பாருங்கள்.

இரண்டாவது காரணம் சுற்று. நூறு சதவீத அளவுக்குச் சார்ஜ் செலவானால் ஒரு சுற்று. இன்று பாதி, நாளை பாதி தீர்த்தாலும் சேர்த்து ஒரு சுற்றுதான். சாதாரண லேப்டாப் பேட்டரி 300 முதல் 500 சுற்று வரை நன்றாக உழைக்கும். மேக்புக்குக்கு ஆப்பிள் 1000 என்று கணக்கு வைத்திருக்கிறது. தினம் ஒரு சுற்று கரண்ட் போகும் நேரத்தில் தீர்ந்தால், சாதாரண பேட்டரி ஒன்றரை வருஷத்திலேயே தளர்ந்துவிடும் என்பது இதிலிருந்தே தெரியும்.

ஆக எதிரிகள் சூடு, நிறைந்தபடி கிடப்பது, தீர்ந்தபடி கிடப்பது, வீண் சுற்று. இந்த வரிசையில்தான் நான் பயப்படுகிறேன்.

முதல் படி: இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புப் பெட்டியைத் திறங்கள். அதில் ஆங்கில எழுத்தில் பவர்சிஎஃப்ஜி என்று சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, அதை ஒட்டியே பேட்டரிரிப்போர்ட் என்று அடித்து (powercfg /batteryreport) என்டர் தட்டுங்கள். ஓர் அறிக்கை தயாராகும், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றும் அதுவே காட்டும். அதைப் பிரவுசரில் திறந்தால் நிறைய எண்கள் இருக்கும். பயப்படாமல் மூன்றை மட்டும் பாருங்கள்: டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது மிஞ்சியிருக்கும் கொள்ளளவு), சைக்கிள் கவுன்ட் (இதுவரை ஆன சுற்று).

என் இயந்திரத்தில் போன மாதம் டிசைன் 45,000, ஃபுல் சார்ஜ் 36,200, சுற்று 212. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 80 சதவீதம். பரவாயில்லை, நடுத்தர வயசு. 60-க்குக் கீழே போனால் புதிய பேட்டரிக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம். சில இயந்திரங்கள் சுற்று எண்ணைக் காட்டாது, கோடு மட்டும் இருக்கும், விட்டுவிடுங்கள்.

மேக்கில் செட்டிங்ஸ் போய் பேட்டரி என்ற இடத்தில் ஹெல்த் பார்த்தால் போதும்.

இந்த எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் செய்தால் பலன் இருக்கிறதா என்றே தெரியாது. பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே கடைக்காரர் முன்னால் இதை ஓட்டிப் பாருங்கள். முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள்.

இரண்டாவது படி: வரம்பு வைக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான கம்பெனிகள் சார்ஜுக்கு வரம்பு வைக்கும் வசதியைக் கொடுத்திருக்கின்றன, ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். லெனோவோவில் வான்டேஜ் என்ற செயலிக்குள் கன்சர்வேஷன் மோட் என்று இருக்கும். பழைய மாடல் 60-ஐ ஒட்டி நிறுத்தும், புதியது 80-ஐ ஒட்டி. திங்க்பேடில் எத்தனையில் தொடங்கி எத்தனையில் நிறுத்த வேண்டும் என்று நாமே எண் கொடுக்கலாம். ஆசுஸில் மைஆசுஸ் செயலியில் பேட்டரி கேர். ஏசரில் கேர் சென்டர். டெல்லில் அவர்கள் செயலியிலும் இருக்கும், பயாஸிலும் (லேப்டாப் ஆன் ஆகும்போதே, விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) இருக்கும். எச்.பி.யில் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் பேட்டரி ஹெல்த் மேனேஜர் என்பதைத் தேட வேண்டும். லினக்ஸ்காரர்களுக்கு டி.எல்.பி. என்ற கருவி, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த வரம்பால் என்ன லாபம்? செல்லின் உச்சியை 4.2 வோல்ட்டிலிருந்து 4.1-க்கு இறக்கினாலே சுற்று எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. இன்னொரு லாபமும் உண்டு. வரம்பைத் தொட்ட பிறகு பிளக்கில் இருக்கும் லேப்டாப் நேரடியாக அடாப்டரிலிருந்தே ஓடும், பேட்டரி ஓரமாக ஓய்வெடுக்கும்.

வரம்பே இல்லாத இயந்திரமா? அப்போது உங்கள் கைதான் வரம்பு. போனில் அலாரம் வையுங்கள், எண்பது வந்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, அடுப்பில் பருப்பு வைக்கும்போது லேப்டாப்பைச் சொருகுவார், பருப்பு வெந்து தாளித்து இறக்கும்போது பிடுங்குவார். "எனக்கு எதுக்குத் தம்பி செயலி எல்லாம்?" என்று கேட்கிறார். கணக்கு ஏறக்குறைய சரியாகத்தான் வருகிறது.

மூன்றாவது படி: கரண்ட் நேரத்தோடு பொருத்துவது

விஷயமே இங்கேதான் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

சார்ஜ் ஏறுவது ஒரே வேகத்தில் நடப்பதில்லை. காலியிலிருந்து எண்பது வரை மளமளவென்று ஏறும். அதற்கு மேல் இயந்திரமே வேகத்தைக் குறைத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றும். எண்பது வரை ஏற ஒரு மணி நேரமோ ஒன்றரையோ ஆனால், மிச்ச இருபதுக்கு முக்கால் மணி, ஒரு மணி என்று இழுக்கும். கரண்ட் கொஞ்ச நேரமே வரும் நாளில் அந்த இருபதுக்காகத் தவம் கிடக்க வேண்டாம் என்பது ஒன்று. நூறைத் தொடும் நேரத்தை நாமே குறித்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் காலை 5 மணிக்கு வந்து 9-க்குப் போகிறது. மறுபடி மாலை 5-க்கு வந்து இரவு 9-க்குப் போகிறது. நான் செய்வது இதுதான்.

மாலை 5 மணிக்குச் சொருகுவேன், வரம்பு 80-இல் இருக்கும். 9 வரை பிளக்கிலேயே வேலை. கரண்ட் போனதும் அரை மணி நேரம் மெயில் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். இரவு முழுக்க எழுபது சொச்சத்தில் கிடக்கும். தூங்கும்போது நூறு எதற்கு?

காலை 5 மணிக்கு மறுபடி சொருகும்போதும் வரம்பு 80 தான். ஏழே முக்காலுக்கு ஓர் அலாரம். அது அடித்ததும் வரம்பை எடுத்துவிடுவேன். இரண்டு தட்டு, அவ்வளவுதான். ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும்போது நூறையோ தொண்ணூற்றெட்டையோ தொட்டிருக்கும், உடனே செலவாகத் தொடங்கும். ஆக நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தால் பேட்டரி நூறில் நின்றது பத்து இருபது நிமிடம்தான். பகலுக்கு முழுசாகக் கிடைத்தது, பேட்டரியும் நோகவில்லை.

இதற்கு மாறாக நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது என்ன? மாலை 5-க்குச் சொருகி, 7 மணிக்கே நூறு ஆகி, இரவு 9 வரை நூறில் நின்று, அப்புறம் மூடி வைத்து விடிய விடிய நூறிலேயே கிடந்து, காலையில் மறுபடி சொருகப்பட்டு மேலும் நாலு மணி நேரம். மொத்தம் பதினாலு மணி நேரம் உச்சியில். ஏப்ரல் மாதத்தில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்ன எண்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தெருவின் முறை வேறாக இருக்கும், வாரத்துக்கு வாரம் மாறவும் செய்யும். சூத்திரம் ஒன்றே: கரண்ட் போகும் நேரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னால் வரம்பை எடுங்கள், அதுவும் அடுத்த வெட்டில் லேப்டாப் நிஜமாகத் தேவைப்பட்டால் மட்டும். கரண்ட் சொன்னபடி வராமல் ஏமாற்றும் நாட்களும் உண்டு. அப்படிப்பட்ட வாரத்தில் சட்டதிட்டம் பார்க்காமல் வந்தவுடன் நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள். பேட்டரி இருப்பது நமக்காகத்தான், நாம் பேட்டரிக்காக இல்லை.

கீழ்ப் பக்கத்துக்கும் ஒரு கோடு வேண்டும். நான் இருபதில் நிறுத்துகிறேன். விண்டோஸின் பவர் செட்டிங்ஸில் பேட்டரி தீரும் கட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடம் இருக்கிறது. அதில் ஹைபர்னேட் (திறந்த வேலையைச் சேமித்துவிட்டு முழுசாக அணைவது) என்று போட்டு, சதவீதத்தை 10 அல்லது 15 ஆக்குங்கள். வேலையும் அழியாது, பேட்டரியும் சுழியத்தைத் தொடாது.

ஒரு சிறு விஷயம். எப்போதும் வரம்புக்குள்ளேயே ஓட்டினால் சதவீதம் காட்டும் மீட்டர் கொஞ்சம் குழம்பும். 30 என்று காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று அணையும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நூறு வரை ஏற்றி, பத்துவரை இறக்கி, மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும். அது மீட்டருக்குச் செய்யும் வைத்தியம், பேட்டரிக்கு இல்லை, அடிக்கடி வேண்டாம்.

வந்த உடனே சொருகாதீர்கள்

"மீ லாபி" சத்தம் கேட்டதும் கை பிளக்குக்குப் போகும், எனக்கும் போகும். பத்து நிமிடம் பொறுங்கள். தெரு முழுக்க மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஒன்றாகக் கிளம்பும் நேரத்தில் வோல்டேஜ் மேலும் கீழும் ஆடும். சில நாள் வந்த கரண்ட் இரண்டு நிமிடத்தில் போய், மறுபடி வரும். எங்கள் வீட்டுக் கூடத்து எல்.இ.டி. பல்புதான் எனக்குச் சாட்சி: அது மினுக்காமல் ஒரு டீ குடிக்கும் நேரம் நிலையாக எரிந்தால் லேப்டாப்பைச் சொருகுவேன்.

குறைந்த வோல்டேஜைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், 100 முதல் 240 வோல்ட் வரை என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். நம் ஊர் 230 வோல்ட் மாலையில் 170-க்கு இறங்கினாலும் லேப்டாப் அடாப்டர் சமாளித்துக்கொள்ளும். அதற்காக வோல்டேஜ் ஏற்றும் பெட்டி வழியாகக் கொடுக்க வேண்டாம். ஏனென்றால் வெளியில் வோல்டேஜ் சட்டென்று ஏறும்போது, அந்தப் பெட்டி அதை இன்னும் ஏற்றிக் கொடுக்கலாம். ஃபிரிட்ஜ் பெட்டியில் இருக்கட்டும், லேப்டாப்பைச் சுவரிலேயே, நல்ல சர்ஜ் தடுப்பு (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுப்பது) உள்ள பலகையில் சொருகுங்கள்.

அடாப்டர் கெட்டுப்போய் வேறு வாங்கினால் வெளியீட்டு வோல்ட் பழையதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். 19 என்றால் 19, 20 என்றால் 20. ஆம்பியர் பழைய அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. கையில் எடுத்தால் தக்கை மாதிரி லேசாக இருக்கும் மலிவுச் சரக்கை நான் தொடுவதில்லை.

சூடு

2024 ஏப்ரல் 28-ஆம் தேதி மக்வே பக்கம் சௌக் ஊரில் 48.2 டிகிரி பதிவானது. அன்றைக்கு யாங்கோனில் 40. நம் லேப்டாப்புகள் 35 டிகிரி வரையான அறையில் வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டவை. வெயில் காலத்தில் தகரக் கூரை வீட்டுக்குள் மத்தியானம் அதைத் தாண்டிப் போகும். வெளியே 40 என்றால் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரி எவ்வளவு சூட்டில் இருக்கும் என்று யோசியுங்கள்.

செய்யக்கூடியது நிறைய இல்லை, ஆனால் செய்தால் பலன் உண்டு. லேப்டாப்பைக் கட்டிலில், மெத்தையில், மடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். அடியில் காற்று போகும் துளை அடைபடும். பலகை மேல் வைத்துப் பின் பக்கம் இரண்டு தண்ணீர் பாட்டில் மூடியை முட்டுக் கொடுங்கள். தனியாகக் கூலிங் பேட் வாங்கியவனும் நான்தான். மூடிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சார்ஜ் ஏறும்போது கேம், வீடியோ எடிட்டிங் வேண்டாம். விடிகாலையில் கரண்ட் வருகிறது என்றால் அதுதான் சார்ஜுக்கு உத்தமமான நேரம். மத்தியான முறை வந்தால் மின்விசிறி அடியில் வையுங்கள்.

பையில் போடும் முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். இப்போதைய லேப்டாப்பை மூடினால் அது முழுசாகத் தூங்குவதில்லை, உள்ளே அரைத் தூக்கத்தில் இணையத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். அப்படியே பைக்குள் போட்டு, கூட்ட நெரிசலில் ஒய்.பி.எஸ். பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால், இறங்கும்போது பை இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடும். கிளம்பும்போது ஷட் டவுன் செய்யுங்கள், அல்லது ஹைபர்னேட்.

இன்வெர்ட்டர் உள்ளவர்களுக்கு

12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி என்றால் கையில் 1200 வாட்-மணி. அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் அந்த பேட்டரி சீக்கிரம் கெடும். மிச்சம் 600. லேப்டாப் சராசரியாக 30 வாட் இழுக்கும், இன்வெர்ட்டரின் சேதாரம் போக அது ஒன்றை மட்டும் பதினாறு, பதினேழு மணி நேரம் ஓட்டலாம். மின்விசிறியும் விளக்கும் சேர்ந்தால் அதற்கேற்பக் குறையும்.

இங்கே எல்லோரும் செய்யும் தப்பு: லேப்டாப்பை இருபது வரை பேட்டரியில் ஓட்டிவிட்டு, அப்புறம் இன்வெர்ட்டரில் நூறு வரை ஏற்றுவது. ஒரு பேட்டரியிலிருந்து இன்னொரு பேட்டரிக்கு ஊற்றினால் வழியில் சிந்தும், லேப்டாப்புக்குச் சுற்றும் கூடும். இன்வெர்ட்டர் ஓடுகிறது என்றால் வரம்பை வைத்துவிட்டு ஆரம்பத்திலிருந்தே அதிலேயே சொருகி வேலை செய்யுங்கள். இன்வெர்ட்டர் கையை விரித்த பிறகு லேப்டாப் பேட்டரி கைகொடுக்கட்டும்.

டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால் இன்னும் சுருக்கு வழி உண்டு. காரில் சொருகும் 65 வாட் டைப்-சி சார்ஜரை, ஃபியூஸ் போட்டு, 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே எடுக்கலாம். 230-க்கு ஏற்றி மறுபடி 20-க்கு இறக்கும் வீண் வேலை மிச்சம். வயரைத் தெரிந்தவரை வைத்துப் போடுங்கள்.

நடைபாதைக் கடை ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்பார்கள். அந்தச் சின்ன ஜெனரேட்டர் இருமும்போதெல்லாம் வோல்டேஜும் இருமும். போனோ பவர் பேங்கோ கொடுங்கள், லேப்டாப் வேண்டாம்.

பல நாள் மூடி வைப்பதானால்

எங்கள் மாமா ஒருவர் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு என்று கிளம்பி, சொந்தக்காரர் வீடுகளையும் பார்த்துவிட்டு நாலு மாதம் கழித்துத் திரும்பினார். போவதற்கு முதல் நாள் இரவு டிக்கெட் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 4 சதவீதத்தில் மூடிப் பீரோவில் வைத்துவிட்டார். திரும்பி வந்து சொருகினால் விளக்குக்கூட எரியவில்லை. சும்மா வைத்தாலும் சார்ஜ் மெல்லக் கசியும். செல் ஓர் அளவுக்குக் கீழே போனால் உள்ளே உள்ள பாதுகாப்புச் சர்க்யூட், இனி சார்ஜ் ஏற்றுவது ஆபத்து என்று கதவைச் சாத்திவிடும். "புதுசு மாதிரி இருந்துச்சேப்பா" என்று அவர் சொன்னதும் உண்மைதான், அவர் போகும்போது அது புதுசு மாதிரித்தான் இருந்தது.

ஒரு மாதத்துக்கு மேல் மூடி வைப்பதானால் ஐம்பது சதவீதத்துக்குக் கொண்டுவந்து, முழுசாக ஷட் டவுன் செய்து, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து மறுபடி ஐம்பதாக்க வேண்டும்.

உப்பினால்

2022-இல் திங்கியன் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறை முடிந்து லேப்டாப்பைத் திறந்தேன், டச்பேட் அழுத்தினால் சொடுக்கவில்லை. தூசி என்று நினைத்தேன். இரண்டு நாளில் மூடி சரியாக மூடவில்லை, இடது மூலையில் ஒரு நோட்டு நுழையும் அளவு இடைவெளி. பின் பக்கத்தைக் கழற்றியபோது, தட்டையாக இருக்க வேண்டிய வெள்ளி நிறப் பொட்டலங்கள் எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பி இருந்தன. அந்த லேப்டாப் இரண்டு வருஷமாக இன்வெர்ட்டர் பெட்டியின் மேலேயே, எப்போதும் நூறு சதவீதத்தில் குடியிருந்தது. இன்வெர்ட்டரின் சூடு கீழேயிருந்து, வெயில் ஜன்னலிலிருந்து. யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

உங்களுக்கு அப்படி நேர்ந்தால் உடனே அணையுங்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை விடுவது இரண்டும் தீயில் முடியலாம். மரச் சாமான், திரை எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், சிமென்ட் தரையில் வைத்துவிட்டு, பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைக் கூடையில் போட வேண்டாம், அவரிடமே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாற்றும்போது

புதிய பேட்டரிக்குப் போகும்போது லேப்டாப் மாடலை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று வகை பேட்டரி இருக்கும். பழைய பேட்டரியின் மேல் உள்ள பார்ட் நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். நான் ஒருமுறை வாங்கிய "ஒரிஜினல்" ஐந்து மாதத்தில் பாதியாகிவிட்டது. பெட்டி பளபளவென்றுதான் இருந்தது. இப்போது கடையிலேயே பொருத்தச் சொல்லி, அங்கேயே முதல் படியில் சொன்ன அறிக்கையை எடுக்கிறேன். சுற்று எண் சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஃபுல் சார்ஜும் டிசைனும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சுற்று 140 என்று காட்டினால் அது யாரோ பழகிக் கழித்தது. சரியாக இருந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு, மாற்றிய தேதியைப் பால்பாயின்ட் பேனாவால் பேட்டரி ஸ்டிக்கர் மேலேயே எழுதச் சொல்லி, அப்புறம் பின் மூடியைப் போட விடுங்கள்.